டோல்கேட்டில் இறங்கி, மியூசியம் எங்கே என்று கேட்டால்...

திருச்சியிலிருந்து அக்கா மகன் வந்திருந்தான். ஏழாம் வகுப்பு முடித்து எட்டுக்குப் போகிறவன். டோல்கேட் மெட்ரோ ஸ்டேஷன் படியில் இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டான்.

“எங்க ஊர்லயும் டோல்கேட் இருக்கு மாமா. எங்களுது நம்பர் ஒன்!”

உண்மைதான். கொள்ளிடத்தைத் தாண்டினால் வருவது நம்பர் ஒன் டோல்கேட். எங்களுடையதற்கு நம்பர் கிடையாது. ஒரு காலத்தில் பட்டணத்துக்கு வருகிற வண்டிகளை நிறுத்திச் சுங்கம் வாங்கிய இடம் என்று பெயரே சொல்கிறது. சுங்கமும் போய், சாவடியும் போய், பெயரை மட்டும் பஸ் கண்டக்டர்கள் விசில் ஊதிக் காப்பாற்றி வந்தார்கள். 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் ஓட ஆரம்பித்ததிலிருந்து ஒரு பெண் குரல் அதை மைக்கில் சொல்லிக் காப்பாற்றுகிறது.

பையன் சும்மா வரவில்லை. லீவு வேலை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ‘நான் பார்த்த அருங்காட்சியகங்கள்.’ பத்துப் பக்கம் எழுத வேண்டும். படம் ஒட்ட வேண்டும். குறைந்தது ஐந்து.

“உங்க ஏரியாவுல மியூசியம் எங்க மாமா இருக்கு?”

இத்தனை வருஷமாக இங்கே இருக்கிறேன். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் எந்தக் குழி எத்தனை ஆழம் என்பது வரை தெரியும். இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் தெரியவில்லை. ஸ்டாண்டில் இருந்த ஆட்டோக்காரரிடம் கேட்டேன். தலை நரைத்தவர்.

“மியூசியமா? செத்த காலேஜுக்குப் போணும்னா எக்மோருக்குப் போ சார். இங்க இன்னா கீது பாக்கறதுக்கு?”

இளைய தலைமுறைக்கு ஒரு விளக்கம். பழைய மெட்ராஸ்காரர்கள் மிருகக்காட்சி சாலையை ‘உயிர் காலேஜ்’ என்பார்கள். 1851-ல் ஆரம்பித்த எழும்பூர் மியூசியம் ‘செத்த காலேஜ்’. பாடம் செய்த மிருகங்களும் திமிங்கில எலும்புக்கூடும் இருக்கிற இடத்துக்கு வேறென்ன பெயர் வைப்பது? மியூசியங்களைப் பற்றித் தமிழில் வந்த மிகச் சுருக்கமான விமர்சனம் அதுதான் என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு.

‘இங்க இன்னா கீது’ என்று அவர் கேட்டது மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. அதோடுதான் அந்த வாரம் முழுக்கப் பையனை அழைத்துக்கொண்டு சுற்றினேன். பெரிய மியூசியம் வேண்டாம், அதை அவன் போன லீவிலேயே பார்த்துவிட்டான். ஒரே விஷயத்துக்கென்று இருக்கிற சின்ன மியூசியங்களாகப் பார்ப்பது என்று முடிவு.

முதலில் பெரம்பூர் பக்கம், ஐ.சி.எஃப்.பைச் சேர்ந்த ரயில் மியூசியம். 2002 மார்ச்சில் திறந்தது. ஆறேகால் ஏக்கர். திங்கட்கிழமை போய் வாசலில் நிற்காதீர்கள், விடுமுறை. சென்னையில் குழந்தைகளோடு போக எனக்குப் பிடித்த மியூசியம் எது என்றால் தயங்காமல் இதைச் சொல்வேன். இன்ஜின்கள் திறந்த வெளியில் யானைகள் மாதிரி நிற்கின்றன. ஊட்டி மலை ரயில் இருக்கிறது. நூறு வயது தாண்டிய பெட்டிகள் இருக்கின்றன. பெரும்பாலான இன்ஜின்கள் கிளாஸ்கோவின் நார்த் பிரிட்டிஷ் லோகோமோட்டிவ் கம்பெனி செய்து கப்பலில் அனுப்பியவை. பழைய ஸ்டீம் இன்ஜின்களின் உடம்பில் ஒரு தகடு இருக்கும். செய்த கம்பெனி, வரிசை எண், வருஷம். பிறப்புச் சான்றிதழ் மாதிரி.

பையன் ஒரு இன்ஜினின் முன்னால் நின்று நெருப்புப் பெட்டி எங்கே, கரி எங்கே வைப்பார்கள், தண்ணீர் எவ்வளவு பிடிக்கும் என்று கேட்டுக்கொண்டே வந்தவன், திடீரென்று கேட்டான்: “இதுல கரி அள்ளிப் போட்டது யாரு மாமா?”

ஃபயர்மேன் என்றேன். “அவர் பேரு?” என்றான்.

சிரித்துவிட்டேன். ஆனால் சிரிக்க வேண்டிய கேள்வி இல்லை அது. இன்ஜினைச் செய்தவரின் விலாசம் தெரிகிறது. ஓட்டியவர், ஆடுகிற தளத்தில் நின்று எரிகிற வாய்க்குள் டன் கணக்கில் கரி அள்ளிப் போட்டவர், ஷெட்டில் பாய்லருக்குள் தவழ்ந்துபோய்ச் சாம்பல் சுரண்டியவர் எல்லாம் ஆவியாகிவிட்டார்கள். நான் குறிப்பாக இந்த மியூசியத்தைக் குறை சொல்லவில்லை. உலகத்து ரயில் மியூசியங்களில் அனேகம் இரும்பின் மீது காதல் கொண்டவர்கள் கட்டியவை. இரும்புக்கு அங்கே பெயின்ட் உண்டு. மனிதனுக்கு ஒரு பொம்மை, அதற்கு ஒரு தொப்பி.

பெரம்பூர் விஷயத்தில் இது கூடுதலாக வலிப்பதற்குக் காரணம் இருக்கிறது. இங்கிலாந்தின் லீட்ஸில் 1855-ல் செய்யப்பட்ட ஈ.ஐ.ஆர். 21 என்ற இன்ஜின், வேலையிலிருந்து ஓய்வுபெற்றுப் பல பத்தாண்டுகள் வெறும் காட்சிப் பொருளாக நின்றது. அது பெரம்பூர் லோகோ ஒர்க்ஸுக்கு வந்து 2010-ல் மறுபடி ஓடியது. எழும்பூரிலிருந்து கோடம்பாக்கம் வரை புகை விட்டுக்கொண்டு போனதை ஜனங்கள் தண்டவாளத்து ஓரம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அதற்கு உதிரி பாகம் எந்தக் கடையிலும் கிடையாது. பெரம்பூர் ஃபிட்டர்கள் கையால் செய்து மாட்டினார்கள். நூற்றைம்பது வயது இன்ஜினை நடக்கவைத்த அந்தக் கை இருக்கிறதே, அதுதான் காட்சிப் பொருள். இன்ஜின் அதற்கு ஆதாரம், அவ்வளவுதான்.

அடுத்தது கோட்டை மியூசியம். இதற்கு வெள்ளிக்கிழமை லீவு. செக்ரடேரியட் இருக்கிற இடம் என்பதால் பையைத் திறந்து காட்டி, பெயர் சொல்லி உள்ளே போக வேண்டும். 1790-களின் கட்டடம். சென்னையின் முதல் கலங்கரை விளக்கம் 1796-ல் இதன் மொட்டை மாடியில்தான் எரிந்தது. பிறகு பக்கத்தில் ஹைகோர்ட் வளாகத்துத் தூணுக்குப் போய், ஹைகோர்ட் கோபுரத்தின் உச்சிக்கு ஏறி, 1977-ல் மெரினாவுக்குப் போய்விட்டது. சென்னையில் வெளிச்சம்கூட வசதி வந்ததும் தெற்கே வீடு பார்த்துக்கொண்டு போய்விடும் என்பார் என் நண்பர் ஒருவர். ராயபுரத்துக்காரர், கொஞ்சம் காட்டமான ஆசாமி.

இங்கே இரண்டு பொருள்கள். ஒன்று, 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றிய தேசியக் கொடி. பட்டுத் துணி, 12 அடிக்கு 8 அடி. 2013 குடியரசு தினத்தில் இதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தபோது ஈரம் உறிஞ்ச சுற்றிலும் சிலிக்கா ஜெல் கிண்ணங்கள் வைத்தார்கள். ஒரு பொருளை எப்படி மதிக்க வேண்டும் என்பதற்கு உதாரணம் அந்தக் கிண்ணங்கள். இன்னொன்று, காரன்வாலிஸ் பிரபுவின் சிலை. தாமஸ் பேங்க்ஸ் லண்டனில் செதுக்கியது. எல்லோரும் அண்ணாந்து பிரபுவின் முகத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் குனிந்து பீடத்தைப் பாருங்கள். 1792-ல் திப்பு சுல்தான் தன் இரண்டு மகன்களைப் பிணையாக ஒப்படைத்த காட்சி அதில் இருக்கிறது.

“இவங்க என் வயசா மாமா?”

“உன்னைவிடச் சின்னவங்கடா.”

அதன் பிறகு அவன் வேறெதையும் பார்க்கவில்லை. ஒரு மியூசியம் செய்ய வேண்டிய வேலையை அந்தப் பீடம் செய்துவிட்டது. சிலை வைத்தவர்கள் பெருமைக்காகச் செதுக்கியது, இருநூறு வருஷம் கழித்து ஒரு திருச்சிப் பையனை வேறு மாதிரி யோசிக்க வைக்கிறது. நல்ல பொருளுக்கு அந்தக் குணம் உண்டு. வைத்தவன் பேச்சை அது கேட்காது.

எழும்பூரில் பழைய கமிஷனர் ஆபீஸில் போலீஸ் மியூசியம். 2021 செப்டம்பரில் முதல்வர் ஸ்டாலின் திறந்துவைத்தார். கமிஷனர் அலுவலகம் 2013-ல் வேப்பேரிக்குப் போன பிறகு, இந்த அழகான பழைய கட்டடத்தை இடித்துத் தள்ளாமல் இப்படிப் பயன்படுத்தியதற்கே ஒரு சல்யூட் அடிக்கலாம். ஆயுதங்கள், சீருடைகள், வயர்லெஸ் கருவிகள். பையன் இங்கேதான் அதிக நேரம் இருந்தான். காட்டமான நண்பரிடம் போன் செய்து சொன்னேன், போலீஸ் மியூசியத்தில் இருக்கிறோம் என்று.

“நம்ம ஏரியாவுக்கு அங்கதானே இடம் வெச்சிருப்பாங்க?” என்றார்.

ஜோக்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். வடசென்னை என்றால் அரிவாள், கஞ்சா, ஸ்கெட்ச் என்று சினிமா எத்தனை வருஷம் சொல்லிக் கொடுத்தது! கடைசியாக 2021-ல் ‘சார்பட்டா பரம்பரை’ வந்து, அய்யா, இங்கே பாக்ஸிங் என்று ஒரு கலை இருந்தது, அதற்குப் பரம்பரைகள் இருந்தன என்று காட்டியது. எழுபதுகளின் வடசென்னையை ஊரே கொண்டாடியது. சரி, படம் பார்த்துவிட்டு ஒரு பழைய பாக்ஸிங் கிளவுஸைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்ட ரசிகன் எங்கே போவது? வடபழனியில் ஏவி.எம். 2023 மே மாதம் திறந்த மியூசியத்தில் பழைய கார்களையும் சினிமாக் கருவிகளையும் பார்க்கலாம். ஆசையாகச் சேர்த்திருக்கிறார்கள், நல்ல விஷயம். சினிமாவுக்குக் கிடைத்தது, சினிமா யாரைக் காட்டியதோ அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இடையில் ஒரு சின்ன மியூசியத்துக்குப் போனோம். பெயர் வேண்டாம். சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருந்தார். ஒன்றரை மணி நேரம். வந்து திறந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த அட்டைகளின் எழுத்து மங்கி, எது எந்த நூற்றாண்டு என்றே தெரியவில்லை. தெளிவாகப் படிக்க முடிந்த ஒரே வாசகம்: ‘தொடாதீர்கள்.’ பையன் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டான்.

இத்தனையும் பார்த்தபின் எனக்குத் தோன்றியது இதுதான். ஒரு துறை தன் மியூசியத்தைத் தானே நடத்துவது, வீட்டுக்காரரே வீட்டைச் சுற்றிக் காட்டுவது போல. ஹாலைக் காட்டுவார், பூஜை அறையைக் காட்டுவார், வாங்கிய கோப்பைகளைக் காட்டுவார். கொல்லைப்புறத்தையும் அங்கே பாத்திரம் தேய்க்கிற அம்மாளையும் காட்ட மாட்டார். அவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. அவருக்கு அது காட்டுகிற விஷயமாகவே தோன்றுவதில்லை.

‘அப்படியெல்லாம் இல்லை, உழைக்கிற கைகளுக்கும் மியூசியம் இருக்கிறது’ என்று நீங்கள் சொல்வீர்கள். இருக்கிறது. முட்டுக்காடு தட்சிணசித்ரா. 1996 டிசம்பரில் திறந்ததிலிருந்து எத்தனையோ முறை போயிருக்கிறேன். தென் மாநிலங்களின் வீடுகளைப் பிரித்து எடுத்துவந்து, தூணுக்குத் தூண், ஓட்டுக்கு ஓடு மறுபடி கட்டியிருக்கிறார்கள். கைவினைஞர்கள் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். குயவர் சக்கரத்தில் களிமண்ணை வைத்து, குழந்தையின் கையைப் பிடித்து, “மெதுவா அழுத்து” என்பார். அந்தக் குழந்தை ஜென்மத்துக்கும் மறக்காது. சென்னையில் கை இருக்கிற மியூசியம் என்றால் அது ஒன்றுதான்.

அங்கேதான் என் சந்தேகமும் ஆரம்பிக்கிறது. குயவரின் கை பாரம்பரியம். நெசவாளியின் கை பாரம்பரியம். லேத் மெஷினில் நின்று, அளவுகோலைத் தொடுவதற்கு முன்பே சத்தத்தை வைத்து ‘ஒரு நூல் அதிகமாப் போச்சு’ என்று சொல்கிற டர்னரின் கை? டயர் மில்லில் சூட்டு ரப்பரைப் புரட்டிய கை? ஹார்பரில் மூட்டை தூக்கிய தோள்? அதெல்லாம் வெறும் வேலை. கிராமத்தில் செய்தால் கலை, பட்டணத்தில் ஷிஃப்ட் போட்டுச் செய்தால் கூலி. இந்தப் பாகுபாட்டை யார் செய்தார்கள்? தெரியாது. ஆனால் நம் மியூசியங்கள் எல்லாம் இதற்குக் கட்டுப்பட்டே நடக்கின்றன.

ஒரே ஒரு விதிவிலக்கு எனக்குத் தெரியும், அதுவும் எங்கள் பக்கத்தில். திருவொற்றியூரில் ஐம்பதுகளில் புல்லட் செய்ய ஆரம்பித்தார்கள். பெட்ரோல் டாங்கின் ஓரத்தில் ஓடும் தங்க நிறக் கோட்டைக் கவனித்திருப்பீர்கள். அதை அங்கே மெஷின் போடவில்லை. தூரிகையை எடுத்து, டாங்கின் வளைவைப் பார்த்து, ஒரே இழுப்பில் கையால் போட்டார்கள். கோடு நடுங்காது, தடிக்காது. கோடு போடும் அந்தக் கைகளைப் பற்றி வெளிநாட்டுக்காரர்கள்கூட வந்து படம் எடுத்துப் போனார்கள். அதாவது தொழிற்சாலைக் கையையும் கலையாகப் பார்க்க நமக்குத் தெரியும், அது பைக் விற்க உதவினால்.

‘இங்க இன்னா கீது?’ ஆட்டோக்காரருக்கு இப்போது பதில் சொல்லலாம். 1856 ஜூலை 1-ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோடுக்குக் கிளம்பிய ராயபுரம் ஸ்டேஷன் இருக்கிறது. தூண் வைத்த கட்டடம், 2005-ல் புதுப்பித்தார்கள். பெரம்பூர் பின்னி மில் இருந்தது. அதன் தொழிலாளர்களை வைத்துத்தான் 1918 ஏப்ரலில் மெட்ராஸ் லேபர் யூனியன் பிறந்தது. பி.பி.வாடியாவும் திரு.வி.க.வும் பேசிய பேச்சுக்குத் தறியை நிறுத்திவிட்டு வந்து நின்றவர்கள் அவர்கள். இந்தியத் தொழிற்சங்க வரலாறு எழுதுகிற எவரும் அந்த மில் வாசலைத் தாண்டிப் போக முடியாது. 1996-ல் மில் மூடியது. பிறகு அந்த இடத்தில் சினிமா ஷூட்டிங் நடந்தது, ஹீரோ வில்லனை அடித்து டிரம் மேல் தள்ளுவதற்கு.

1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் மாம்மென் மாப்பிள்ளை பொம்மை பலூன் செய்ய ஆரம்பித்தார். அந்தக் கொட்டகைதான் பின்னால் எம்.ஆர்.எஃப். ஆனது. எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் 1949-ல் ஆஸ்டின் காரைப் பூட்டி வெளியே விட்டது. அதுதான் பிறகு அசோக் லேலண்ட். நாம் ஏறிய அரசு பஸ்களில் பாதிக்கு மேல் அங்கே பிறந்திருக்கும். எண்ணூர் அனல் மின் நிலையம் 450 மெகாவாட். தென்சென்னையில் ஏ.சி. ஓடியபோது இங்கே கொடியில் காயும் துணியில் சாம்பல் விழுந்தது. 2017 மார்ச்சோடு அதை நிறுத்தினார்கள்.

இன்ஜின், பஸ், பைக், டயர், தீக்குச்சி, கரன்ட். ஒரு நகரம் காலையில் எழுந்து வேலைக்குப் போவதற்குத் தேவையான சகலமும் இந்தப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் செய்தாகிவிட்டது. இவற்றைச் செய்தவர்களுக்கென்று ஒரு அறை கிடையாது.

இல்லை, ஒன்று இருக்கிறது. மெட்ரோ ரயில் வரைபடம்! விளையாட்டாகச் சொல்லவில்லை. வண்ணாரப்பேட்டை: கம்பெனித் துணியை வெளுத்தவர்களின் பேட்டை. டோல்கேட்: சொன்னேன். அடுத்து காலடிப்பேட்டை. ஏதோ மகானின் காலடி பட்ட இடம் என்று நினைப்பீர்கள். 1717-லிருந்து 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய ‘காலெட் பேட்டை’ அது. ஜனங்கள் வாயில் விழுந்து மகானாகிவிட்டார். அப்புறம் விம்கோ நகர்: வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி, தீப்பெட்டி. மற்ற மியூசியங்களில் பொருள் இருக்கிறது, விளக்க அட்டை இல்லை. எங்களுக்கு வரிசையாக அட்டை இருக்கிறது, பொருள்தான் இல்லை.

செய்ய முடியாத காரியமா இது? அகமதாபாத்தில் ஒரு ஹோட்டலோடு சேர்ந்து, 1981-லிருந்து பாத்திரங்களுக்கென்றே மியூசியம் இருக்கிறது. சுரேந்திர படேல் என்பவர், பித்தளைக் குடங்கள் காயலான் கடைக்கு எடைக்குப் போவதைப் பார்த்துப் பொறுக்காமல் சேர்த்தது. ராஜா ரவிவர்மா ஓவியம் இல்லை, ரத்தினம் இல்லை. அண்டா, குண்டா, பாக்குவெட்டி. போய்ப் பார்த்தால் உங்கள் பாட்டி ஞாபகம் வரும்.

போபாலில் நடந்தது இன்னும் பக்கத்தில் வருகிறது. 1984 விஷவாயுவில் தப்பியவர்கள், இறந்தவர்களின் குடும்பத்தார் சேர்ந்து, 2014-ல் அவர்களே ஒரு மியூசியம் திறந்தார்கள். அரசாங்கத்திடமிருந்தோ கம்பெனியிடமிருந்தோ காசு வாங்கவில்லை. உள்ளே பெரிய பொருள் எதுவும் கிடையாது. ஒரு குழந்தையின் உடுப்பு, ஒரு போட்டோ, பக்கத்தில் ஒரு பழைய டெலிபோன் ரிசீவர். எடுத்துக் காதில் வைத்தால் அந்தப் பொருளுக்குச் சொந்தக்காரர் பேசுகிறார். ‘அவர் பேரு?’ என்று என் அக்கா மகன் கேட்டானே, அந்தக் கேள்வியிலிருந்தே ஆரம்பித்த மியூசியம் அது.

இதையெல்லாம் காட்டமான நண்பரிடம் உற்சாகமாகச் சொன்னேன். ராயபுரத்தில் ஒரு அறை போதும், ஒரு ரிசீவர் போதும் என்றேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

“செத்ததுக்குத்தானே காலேஜ் வைப்பீங்க? நாங்க இன்னும் சாவலையேப்பா.”

வாயடைத்துவிட்டது. அவர் சொல்வதில் பெரிய நியாயம் இருக்கிறது. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, மீனவர்கள் கையால் அள்ளி டிரம்மில் ஊற்றினார்கள். படகெல்லாம் கறுப்பு, வலையெல்லாம் கறுப்பு. அவர்களுக்கு நஷ்டஈடும் சுத்தமான ஆறும் வேண்டும், மியூசியம் வேண்டாம். ஒரு இடத்தை நாசம் பண்ணுவது ஒரு பக்கம் நடக்கட்டும், இன்னொரு பக்கம் அதற்கு அழகாக ஃபிரேம் போட்டு லைட் அடிப்போம் என்றால் அது அயோக்கியத்தனம்.

ஆனாலும் நான் என் கட்சியை விடவில்லை. அந்த எண்ணெய் அப்பிய படகில் ஒன்றே ஒன்றைக் கழுவாமல் எடுத்து வைத்திருந்தால், பக்கத்தில் அதன் சொந்தக்காரர் குரலையும் வைத்திருந்தால், பத்து வருஷம் கழித்து ‘அப்படி ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை’ என்று யாரும் கிளம்ப முடியாது. காரன்வாலிஸ் பீடம் செய்கிற வேலையை ஒரு ஃபைபர் படகு செய்யும். ‘இன்னும் சாகவில்லை’ என்பதும் எவ்வளவு நாளைக்கு? பின்னி மில்லில் கடைசி ஷிஃப்ட் பார்த்த இளைஞருக்கே இன்று ஐம்பதைத் தாண்டியிருக்கும். பொருளாவது காயலான் கடையில் கிடைக்கும். குரல் கிடைக்காது.

நண்பர் பதில் சொல்லவில்லை. டீக்குக் காசு மட்டும் அவர் கொடுத்தார். அதை நான் பாதி சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

பையனுக்கு ரயில், கோட்டை, போலீஸ், தட்சிணசித்ரா என்று நான்குதான் தேறின. பூட்டிய மியூசியத்தைக் கணக்கில் சேர்க்க மனசு வரவில்லை. ஊருக்குப் போக ஒரு நாள் பாக்கி. எங்கள் எதிர் வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். எழுபது தாண்டிவிட்டது. இந்தப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தி நாலு வருஷம் வேலை பார்த்தவர். சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு உட்காருவார். பையன் நோட்டும் கையுமாக அலைவதைப் பார்த்து, “இன்னா தம்பி, பரீட்சையா?” என்று கேட்டிருக்கிறார். இவன் விஷயத்தைச் சொல்லியிருக்கிறான்.

உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தார். அதில் ஒரு மைக்ரோமீட்டர், துணியில் சுற்றியது. தேய்ந்துபோன இரண்டு டூல் பிட். யூனியன் ரசீதுப் புத்தகம் ஒன்று. அப்புறம் ஒரு பித்தளை வில்லை, நடுவில் ஓட்டை, நம்பர் அடித்தது. காலையில் கேட்டில் இதை எடுத்து மாட்டினால்தான் ஆள் வந்த கணக்கு. மாட்ட ஐந்து நிமிஷம் தாமதமானால் அரை நாள் சம்பளம் போச்சு.

“தொடலாமா தாத்தா?” என்றான் பையன். அந்த ஒரு வாரத்தில் அவனுக்கு அந்தப் பழக்கம் வந்துவிட்டது.

“தொடறதுக்குத்தானேப்பா அது. புடி.”

மைக்ரோமீட்டரை எப்படிப் பிடிப்பது என்று காட்டினார். அவன் தலைமுடி ஒன்றைப் பிடுங்கி அளந்து காட்டினார். கண்ணாடி போடாமல் அளவைச் சொன்னார். பையன் போட்டுப் பார்த்தான், சரியாக இருந்தது. ஷிஃப்ட் மாறும்போது சைரன் எப்படி ஊதும் என்று வாயாலேயே ஊதிக் காட்டியதில் தெருநாய் ஒன்று எழுந்து போனது.

ராத்திரி உட்கார்ந்து ஐந்தாவது மியூசியத்தை எழுதி முடித்தான். ‘இடம்: டோல்கேட், மாமா வீட்டுக்கு எதிர் வீடு. அனுமதி இலவசம்.’ வில்லையின் மேல் பேப்பரை வைத்துப் பென்சிலால் தேய்த்து நம்பரை எடுத்திருந்தான், அதுதான் படம். காலையில் கிளம்புவதற்கு முன்னால் பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினான். அவர் கண்ணாடியை எடுத்துவந்து மாட்டிக்கொண்டு, விரலை வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது.

“இன்னா தம்பி, ‘தொழிலாளி’ன்னு போட்டுக்கிறே?” என்றார். “அடிச்சிட்டு டர்னர்னு போடு. ஃபர்ஸ்ட் கிரேடு.”